சம்பந்தியம்மாவின் மூக்கு

முதலில் ஒரு மன்னிப்பு. நான் பத்தாவது வரை படித்தவன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் அட்டைப்பெட்டிகளின் மேல் 'இந்தப் பக்கம் மேலே' என்பது மட்டும்தான். (இப்போது அதையும் அச்சடித்தே அனுப்பிவிடுகிறார்கள்.) அப்படிப்பட்டவன் கட்டுரை எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. ஆனால் வேறு வழியில்லை. எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷம் நடந்தாலும், சாப்பாடு முடிந்து வெற்றிலை பாக்கு வந்ததும் யாராவது இந்தக் கதையை ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் வளர்கிறது. கடைசியாக நடந்த வளைகாப்பில், நான் மேடையிலிருந்து உருண்டு விழுந்ததாகவும் மாப்பிள்ளை வீட்டார் என்னைத் தூக்கி நிறுத்தியதாகவும் சேர்த்துவிட்டார்கள். நான் விழவில்லை. விழுந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். இதைத் தெளிவுபடுத்தத்தான் எழுதுகிறேன்.

எனக்கு வீடு கர்நாடகத்தில், நீலசந்திராவில். வேலை பொம்மசந்திராவில் ஒரு மருந்துக் கம்பெனியின் பேக்கிங் பகுதியில். பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுவேன். கூச்ச சுபாவம். எவ்வளவு கூச்சம் என்றால், பஸ்ஸில் என் ஸ்டாப் தாண்டிவிட்டால் "நிறுத்துங்க" என்று சத்தம் போட மாட்டேன். அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, அங்கேதான் எனக்கு வேலை என்பதுபோல நாலு பக்கமும் பார்த்துவிட்டுத் திரும்பி நடப்பேன். சின்ன வயதிலிருந்து படம் போடுவேன். அதற்கும் காரணம் கூச்சம்தான். படம் போட்டுக்கொண்டிருப்பவனிடம் யாரும் வந்து பேச மாட்டார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிழிந்த அட்டையின் பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் யாரையாவது வரைந்துகொண்டிருப்பேன். பிறகு அட்டையைக் குப்பையில் போட்டுவிடுவேன். என் கலை வாழ்க்கை இந்த அளவில் மிகவும் திருப்தியாகத்தான் இருந்தது.

அதைக் கெடுத்தது என் அக்கா மல்லிகா. அவள் மகள் திவ்யாவுக்குச் சந்தாபுராவில் ஒரு வரன் அமைந்தது. மூன்று தலைமுறையாகக் கர்நாடகத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம். எல்லாரும் படித்தவர்கள். மாப்பிள்ளையின் அம்மா ரத்னம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நேரான முதுகு, நேரான பார்வை, நீளமான மூக்கு, அதில் எட்டுக்கல் மூக்குத்தி. அவர் என்னைப் பார்த்து "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டபோது, விடை தெரியாத பையனைப் போல எழுந்து நின்றுவிட்டேன்.

நிச்சயதார்த்தத்தன்று பேச்சுவாக்கில் ரத்னம்மா சொன்னார்: "எங்க பெரியவன் ரிசப்ஷன்ல ஒரு ஆர்ட்டிஸ்ட் வந்திருந்தாரு. கம்ப்யூட்டர்லயே எல்லாரையும் படம் போட்டு, அங்கயே பிரிண்ட் எடுத்துக் குடுத்தாரு. ஜனங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு."

அக்கா மூச்சுகூட விடவில்லை. "அதுக்கு எதுக்குங்க வெளியாளு? எங்க தம்பிதான் இருக்கான். பொம்மசந்திராவுல அவன் கம்பெனில டிஜிட்டல் ஆர்ட்டிஸ்ட்."

நான் அப்போது கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அது எந்த வழியாகப் போனது என்று தெரியவில்லை. யாரோ முதுகில் தட்டினார்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் மெதுவாக ஆரம்பித்தேன். "அக்கா, நான் லேபிள் ஒட்டறவன்."

"இன்னாடா இப்போ? லேபிள்ல படம் இருக்குதா இல்லியா?"

"அத நான் போடலக்கா."

அக்காவின் குரல் இறங்கிவிட்டது. "அங்க எல்லாரும் டீச்சரு, இன்ஜினியரு. பொண்ணுக்கு மாமன் இன்னா பண்றாருன்னு கேட்டா, ஒட்டறாருன்னு சொல்லச் சொல்றியா? நாளைக்கு திவ்யா தனியா அந்த வூட்ல போய் நிக்கணும்டா. என் வாயால சொல்லிட்டேன். நீதான் காப்பாத்தணும்."

அக்கா அதட்டினால் எப்படியாவது தப்பித்துவிடுவேன். கெஞ்சினால் எனக்கு வழி தெரியாது. சரி என்றேன்.

என் மகள் கீர்த்தி கல்லூரியில் அனிமேஷன் படிக்கிறாள். அவளிடம் பேனா டேப்லெட் ஒன்று இருந்தது. பார்க்கச் சிலேட் மாதிரி கறுப்பாக இருக்கும். கூடவே மை இல்லாத ஒரு பேனா. சிலேட்டில் வரைந்தால் சிலேட்டில் ஒன்றும் தெரியாது. லேப்டாப் திரையில் கோடு வரும். கை ஓரிடம், கண் ஓரிடம். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரருக்குச் சவரம் செய்வது போல இருந்தது. முதல் நாள் நான் போட்ட வட்டத்தைப் பார்த்து, "உருளைக்கிழங்கா அப்பா? நல்லாருக்கு" என்றாள் கீர்த்தி. அன்பான பெண்.

எனக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. அட்டையில் வரையும்போது கையைத் திருப்ப மாட்டேன், அட்டையைத்தான் திருப்புவேன். வளைவு வந்தால் அட்டை ஒரு சுற்று, கழுத்து வந்தால் இன்னொரு சுற்று. அதே பழக்கத்தில் சிலேட்டையும் திருப்பினேன். சிலேட் திரும்பியது, திரையில் இருந்த படம் திரும்பவில்லை. நேராகப் போக வேண்டிய கோடு மாடிப்படி ஏறியது.

"அப்பா, அத ஆட்டாதீங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்பாள் கீர்த்தி. "மெதுவா வரையாதீங்க. மெதுவாப் போனா நடுங்கும். தோள்ல இருந்து ஒரே இழுப்பா இழுங்க."

"தப்பாப் போனா?"

"போனா போகட்டும். கன்ட்ரோல் அமுக்கி இசட் தட்டுங்க, அழிஞ்சிடும். மறுபடி இழுங்க. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

எல்லாரும் அப்படித்தான் பண்ணுகிறார்கள் என்று கேட்டதும் எனக்கு வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல. வழவழவென்று, ஒரே மூச்சில் போட்டது போல இருக்கும் கோடுகளையெல்லாம் பார்த்து நான் அதுவரை வியந்திருக்கிறேன். அவற்றின் பின்னால் அழிக்கப்பட்ட அண்ணன் தம்பிகள் இத்தனை பேர் இருப்பது தெரியாது. கோட்டைச் சீராக்கும் வசதி ஒன்றும் லேப்டாப்பில் இருந்த வரையும் மென்பொருளில் இருந்தது. அதைக் கூட்டி வைத்தால் கோடு பேனாவுக்குக் கொஞ்சம் பின்னால், பள்ளிக்கூடம் போக மனமில்லாத பிள்ளை மாதிரி இழுபட்டு வரும். ஆனால் நடுக்கம் இருக்காது. எனக்கு அதைப் பிடித்துப்போயிற்று. அதனுடன் பேசவும் ஆரம்பித்தேன். "வா கண்ணு, வா, அப்படியே வளைஞ்சு வா" என்பேன். கோடு கோணலாகப் போனால் திட்டுவேன்.

வேலை முடிந்து வந்ததும் தினமும் திவ்யாவையும் மாப்பிள்ளையையும் புகைப்படம் பார்த்து வரைந்து பழகினேன். அந்த இரண்டு முகங்களும் கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு வந்தன. ஆனால் வலது கையைவிட நன்றாகத் தேறியது இடது கைதான். கன்ட்ரோலின் மேல் ஒரு விரல், இசட்டின் மேல் ஒரு விரல். கோடு முடிந்ததா, டக். கண்ணைக் கேட்காது, என்னைக் கேட்காது. ஒரு நாள் கீர்த்தி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அது நல்லா வந்துச்சே. எதுக்கு அழிச்சீங்க?"

"அழிச்சேனா?"

அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும்.

எங்கள் ஊர் வழக்கப்படி முகூர்த்தத்துக்கு முந்தின சாயங்காலம் ரிசப்ஷன். சந்தாபுராவில் பெரிய மண்டபம். மேடையின் ஒரு ஓரத்தில் எனக்கு ஒரு வட்ட மேஜை போட்டு, அதைப் பளபளவென்று சாட்டின் துணியால் சுற்றியிருந்தார்கள். எனக்குப் பின்னால் சுவர் அளவுக்கு ஒரு திரை. படம் முடிந்ததும் அதில் காட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். லேப்டாப்பில் நடக்கும் அத்தனையும் முதல் புள்ளியிலிருந்து அதில் ஓடப்போகிறது என்று யாரும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. (கேட்பதற்கு வாயைத் திறக்க வேண்டுமே.)

நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஒரு கோட் போட்ட இளைஞர். என் சட்டையில் சின்ன மைக் ஒன்றைக் குத்திவிட்டு, "ரெடினா சார்?" என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "நம்ம பொண்ணோட மாமா, பெரிய டிஜிட்டல் ஆர்ட்டிஸ்ட்! சார், ரெண்டே ரெண்டு வார்த்தை" என்றார்.

"ம்" என்றேன்.

"பெரிய கலைஞருங்க கம்மியாத்தான் பேசுவாங்க" என்று சமாளித்துவிட்டு அவர் இறங்கிப் போய்விட்டார். மைக்கை எடுக்கவில்லை. அணைக்கவும் இல்லை. பாட்டுக் கச்சேரி நடந்துகொண்டிருந்ததால் என் குரல் ஸ்பீக்கரில் போவது எனக்குக் கேட்கவில்லை. கீழே உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கேட்டது.

பொண்ணு மாப்பிள்ளையைத்தான் வரையப்போகிறேன் என்று பேனாவை எடுத்தேன். அக்கா பட்டுப்புடவை சரசரக்க மேடை ஏறி வந்தாள். பின்னால் ரத்னம்மா.

"முதல்ல சம்பந்தியம்மாவப் போடு. அதான மரியாதை" என்றாள் அக்கா.

"அக்கா, நான் பழகினது…" என்று ஆரம்பித்தேன். அக்கா பார்த்த பார்வையில் மீதி வார்த்தை உள்ளேயே தங்கிவிட்டது. ரத்னம்மா எனக்கு எதிரே நாற்காலியில் முதுகை நேராக வைத்து உட்கார்ந்தார்.

முகத்தின் வளைவை இழுத்தேன். வந்த வேகத்தில் சாட்டின் துணியில் சிலேட் வழுக்கித் திரும்பிவிட்டது. முகம் பக்கவாட்டில் சாய்ந்தது. டக். மறுபடி இழுத்தேன். மறுபடி வழுக்கியது. டக். கீழே குழந்தைகள் கூட்டமாக "போச்சு!" என்றார்கள். பலூன் வெடித்திருக்கும் என்று நினைத்தேன்.

முழங்கையால் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு எப்படியோ முகம், காது, கொண்டை, பூ எல்லாம் கொண்டுவந்துவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் பல தடவை டக், பல தடவை "போச்சு". இன்று பலூன் மிகவும் மட்டமான சரக்கு போலிருக்கிறது என்றுகூடப் பரிதாபப்பட்டேன். பிறகு மூக்குக்கு வந்தேன்.

அந்த மூக்கை ஒரே கோட்டில் போட வேண்டும். புருவத்திலிருந்து நேராக இறங்கி, நுனியில் லேசாகத் திரும்பி, அப்படியே நிற்க வேண்டும். இரண்டு துண்டாகப் போட்டால் ஒட்டுப்போட்டது போல இருக்கும். இழுத்தேன், கிளி மூக்கு வந்தது. டக். இழுத்தேன், ஊசி. டக். இழுத்தேன், அது கன்னம் வரைக்கும் போய்விட்டது. டக்.

"வா கண்ணு" என்றேன். "நேரா வா. அங்க எங்க போற? இறங்கு, இறங்கு. ஐயோ, மறுபடியும் வளையுது பாரு. சனியனே, ஒழுங்கா இருக்க மாட்டியா நீ?"

எதிரே ரத்னம்மா அசையாமல் உட்கார்ந்திருந்தார். என்ன பொறுமை என்று வியந்தேன்.

"உன்னோட பெரிய ரோதனையாப் போச்சு" என்றேன், மூக்கிடம்.

அந்த நேரம் பார்த்துப் பாட்டு முடிந்தது. மண்டபத்தின் நான்கு மூலைகளிலிருந்தும் என் குரல் என்னிடமே திரும்பி வந்தது. "ரோதனையாப் போச்சு." முதலில் அது யார் என்று எனக்குப் புரியவில்லை. யாரோ நம்மைப் போலவே கஷ்டப்படுகிறார் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன். சுவர் அளவுக்கு ரத்னம்மாவின் முகம். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. கீழே முழுக் கூட்டமும் சாப்பிடப் போகாமல் உட்கார்ந்திருந்தது. முன்வரிசைக் குழந்தைகள் அடுத்த 'போச்சு'க்காக வாயைத் திறந்து வைத்திருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் அக்கா. முந்தானையால் பாதி முகத்தை மூடியிருந்தாள். தெரிந்த பாதி அழுதுவிடும் போல இருந்தது.

ரத்னம்மா எழுந்தார். மேஜையைச் சுற்றி என் பக்கம் வந்து சிலேட்டைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார். அவர் கையில் பிரம்பு இருப்பது போலவே எனக்குத் தோன்றியது.

"ஏண்ணா, கம்பெனியிலயும் இப்படித்தான் போடுவீங்களா?"

கல்யாணத்தை நிறுத்தப்போகிறார் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. திவ்யா மேடை நடுவில் மாலையும் கழுத்துமாக நின்றிருந்தாள். எனக்குப் பொய் சொல்லத் தெரிந்திருந்தால் அப்போது சொல்லியிருப்பேன்.

"கம்பெனில நான் லேபிள் ஒட்டறேங்க" என்றேன். மைக் அதையும் நான்கு மூலைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. "படம் சும்மா அட்டைல போடுவேன். அக்கா மேல தப்பு இல்லீங்க. பொண்ணுக்கு மரியாதையா இருக்கணும்னு சொல்லிட்டாங்க. பொண்ணு நல்ல பொண்ணுங்க."

ரத்னம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "தெரியுமே" என்றார்.

"தெரியுங்களா?"

"விசாரிக்காம பொண்ணு எடுப்பாங்களாண்ணா? பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னாடியே எங்க பெரியவன் உங்க கம்பெனி வாசல் வரைக்கும் வந்து விசாரிச்சுட்டான். லேபிள் ஒட்டறாரு, ஒரு வம்புக்கும் போக மாட்டாரு, சாப்பாட்டு டைம்ல அட்டையில எதனா கிறுக்கிட்டு இருப்பாருன்னு சொன்னாங்க. அதக் கேட்டப்புறம்தான் நாங்க பொண்ணு பாக்கவே வந்தோம்." பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். (தாழ்த்தியும் பயனில்லை. மைக் நல்ல மைக்.) "உங்க அக்கா ஆசையாச் சொன்னாங்க. நானும் கேட்டுக்கிட்டேன். அதுல என்ன போச்சு?"

அக்காவின் முந்தானை மெதுவாகக் கீழே இறங்கியது.

"இப்ப சும்னே எதுக்கு நடுங்கறீங்க?" என்றார் ரத்னம்மா, சும்மாவுக்குக் கன்னடத்தைப் போட்டு. "மூக்க எங்க நிறுத்தறதுன்னு தெரியாம ஓடிட்டே இருக்கீங்க. மூக்குத்திய முதல்ல போடுங்க. அப்புறம் அது வரைக்கும் வாங்க."

அப்படி எனக்குத் தோன்றவே இல்லை. எட்டுக் கல்லையும் புள்ளி புள்ளியாக வைத்து மூக்குத்தியைப் போட்டேன். பேனாவைப் புருவத்தருகே வைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, தோளிலிருந்து இழுத்தேன்.

வந்தது. என் வாழ்நாளில் நான் போட்ட ஒரே நல்ல கோடு அதுதான் என்று கூசாமல் சொல்வேன். தண்ணீர் இறங்குவது போல இறங்கி, நுனியில் லேசாகத் திரும்பி, மூக்குத்தியைத் தொட்டு நின்றது. திரையில் ரத்னம்மா உயிரோடு எங்களைப் பார்த்தார். மண்டபமே கைதட்டியது. மாப்பிள்ளை விசிலடித்தார். அக்கா எழுந்து நின்று, "என் தம்பி" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னதை நான் கண்ணால் பார்த்தேன்.

டக்.

நான் செய்யவில்லை. என் இடது கை செய்தது. கோடு முடிந்தது, அது அதன் வேலையைப் பார்த்தது.

கைதட்டல் பாதியில் நின்றது. அந்த அமைதியில் ஒரே ஒரு குழந்தை மட்டும், கடமை தவறாமல், "போச்சு" என்றது.

பதறிப்போய் அவசரமாக இன்னொரு கோடு இழுத்தேன். அது காதுக்குப் போனது. அதையும் அழித்தேன். அதற்குள் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து கீர்த்தி எச்சில் கையோடு ஓடி வந்தாள். "அப்பா, கைய எடுங்க! எதையும் தொடாதீங்க. அழிச்சதத் திரும்பக் கொண்டுவரலாம். அதுக்கப்புறம் எதனா வரைஞ்சீங்களா?"

"ஒரே ஒரு கோடு போட்டேன்மா."

கீர்த்தி மேஜை மேல் தலையை வைத்துக்கொண்டாள். அழித்த கோட்டைத் திரும்பக் கொண்டுவர ஒரு வழி இருக்கிறதாம். ஆனால் நடுவில் புதிதாக ஒரு கோடு போட்டுவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடுமாம். அழிக்கச் சொல்லிக்கொடுத்த பெண் இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

நான் மறுபடி பேனாவை எடுத்தேன். ரத்னம்மா என் மணிக்கட்டின் மேல் கை வைத்தார்.

"விடுங்கண்ணா. இப்படியே பிரிண்ட் எடுங்க. மூக்கு எங்கிட்டயே இருக்குது."

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். நிச்சயதார்த்தம் முதல் அன்று வரை அவர் சிரித்து எங்கள் வீட்டார் யாரும் பார்த்ததில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. என் சட்டையில் இருந்த மைக்கை அப்போதுதான் யாரோ கழற்றினார்கள்.

பொண்ணு மாப்பிள்ளையை அன்று நான் வரையவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அந்தப் படம் இப்போதும் சந்தாபுராவில் ரத்னம்மா வீட்டுக் கூடத்தில், டி.வி.க்கு மேலே, சட்டம் போட்டுத் தொங்குகிறது. முகம், காது, கொண்டை, பூ, எல்லாம் சரியாக இருக்கும். நடுவில் எட்டுக்கல் மூக்குத்தி மட்டும் அந்தரத்தில் நிற்கும். திவ்யாவின் குழந்தைக்கு இப்போது பேச்சு வருகிறது. "கண்ணு எங்கே?" என்றால் கண்ணைத் தொடும். "காது எங்கே?" என்றால் காது. "மூக்கு எங்கே?" என்றால் மட்டும் அந்தப் படத்தைக் காட்டி, கையை விரித்து, "போச்சு" என்கிறது.

எங்கள் வீட்டு விசேஷங்களில் நான் தட்டு கொடுக்கவோ குங்குமம் வைக்கவோ எழுந்தால், யாராவது ஒருவர் வந்து என் இடது கையைப் பிடித்துக்கொள்கிறார். கேட்டால், "ஒரு பாதுகாப்புக்கு மாமா" என்கிறார்கள். அக்காவும் சேர்ந்துகொண்டு சிரிப்பாள். அவள் வருத்தமே வேறு. "நீ உண்மையச் சொன்னதுகூடப் பரவால்லடா. அவ்ளோ அழகா வந்த மூக்க எதுக்குடா அழிச்ச?" என்று இன்றைக்கும் கேட்கிறாள்.

அந்த ரிசப்ஷனுக்கு மறுநாள் காலை முகூர்த்தம் நடந்தது. தாய்மாமன் முறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள், போய்ச் செய்தேன். மதியச் சாப்பாட்டில் ரசம் நன்றாக இருந்தது.